ரோன் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்கள்: இரண்டு முறை பிழைத்த கதை



சற்று நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். இன்று எழுதப்போவது பிரான்ஸ் நாட்டின் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றி. அங்கே விளையும் திராட்சையைப் பற்றி. அந்தத் திராட்சையிலிருந்து வரும் ஒயினைப் பற்றி. "நம்ம வாத்தியார் ஒயினைப் பற்றி எழுதுகிறாரே" என்று சிலர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நான் அதைத் தொட்டதில்லை, உங்களையும் தொடச் சொல்லவில்லை. இது குடியைப் பற்றிய பதிவு அல்ல, குடியானவர்களைப் பற்றிய பதிவு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஆற்றங்கரை உழவர்கள் ஒரு முறை பயிரை இழந்தார்கள், பிறகு பெயரையும் இழக்கப் பார்த்தார்கள். இரண்டையும் எப்படி மீட்டார்கள் என்பது நம் ஊர் விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

முதலில் நிலவியல். ஐரோப்பா வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கைபேசியில் பார்த்தாலும் சரி. ரோன் ஆறு சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாறையில் பிறக்கிறது. ஜெனீவா ஏரிக்குள் புகுந்து வெளியே வந்து, பிரான்சுக்குள் நுழைந்து, லியோன் நகரில் சோன் என்ற ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, நேராகத் தெற்கே திரும்பி மத்தியதரைக் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 810 கிலோமீட்டர். நம் காவிரியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். காவிரிக்கு டெல்டா இருப்பதுபோல ரோனுக்கும் டெல்டா உண்டு. அங்கே நெல்லும் விளைகிறது என்றால் நம்புவீர்களா? காமார்க் என்று அந்த இடத்துக்குப் பெயர்.

லியோனுக்குத் தெற்கே வியென் நகரத்திலிருந்து அவிஞ்ஞோன் நகரம் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரம் ஆற்றின் இரு கரையிலும் திராட்சைதான். இதில் வடபகுதி ஒரு மாதிரி, தென்பகுதி வேறு மாதிரி. வடக்கே பள்ளத்தாக்கு குறுகலானது, கருங்கல் மலைச்சரிவு செங்குத்தானது. கோத் ரோத்தி என்னும் ஊர்ச்சரிவு சில இடங்களில் மிகவும் செங்குத்து. அங்கே மண் நிற்காது. கல்லை அடுக்கித் தடுப்புச்சுவர் கட்டி, படிப்படியாகத் தளம் அமைத்து, ஒவ்வொரு கொடிக்கும் ஊன்றுகோல் நட்டு வளர்க்கிறார்கள். மழையில் சரிந்த மண்ணைக் கூடையில் அள்ளி மீண்டும் மேலே கொண்டுபோன காலம் உண்டு. கோத் ரோத்தி என்றாலே "வறுபட்ட சரிவு" என்றுதான் பொருள். வெயில் அப்படி அடிக்கும். தெற்கே போனால் பள்ளத்தாக்கு அகன்று விரிகிறது. பனங்காய் அளவுக்கு உருண்டைக் கற்கள் தரையை மூடிக் கிடக்கும். பழங்காலத்தில் ஆறு உருட்டிக்கொண்டு வந்து போட்ட கற்கள் அவை. பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் கொடிக்குக் கொடுக்கும். இதற்கு மேல் வடக்கிலிருந்து மிஸ்ட்ரால் என்ற காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்வதுபோல அவர்களும் மிஸ்ட்ராலைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காற்றுதான் இலையில் ஈரம் தங்காமல் உலர்த்தி, பூஞ்சை நோயைத் தள்ளி வைக்கிறது. உழவனுக்குத் தொல்லை கொடுப்பதே சில நேரம் துணையாகவும் இருக்கிறது.

இந்தக் கரையில் திராட்சை புதிதல்ல. கி.மு. 600 வாக்கில் கிரேக்க வணிகர்கள் ரோன் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மசாலியா என்ற துறைமுகத்தை அமைத்தார்கள். அதுதான் இன்றைய மார்சேய். பின்னால் ரோமானியர்கள் வந்தார்கள். வியென் ஊர்த் திராட்சையைப் பற்றி ரோமானிய அறிஞர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். முசிறியில் மிளகு ஏற்றப் போன யவனர் கப்பல்களைப் பற்றிப் பேசினாரே, அதே பிளினிதான். பாடப்புத்தகத்தில் நம் பக்கத்தில் வருகிறவர் அங்கேயும் வருகிறார்.

1309இல் போப்பாண்டவர் ஐந்தாம் கிளமெண்ட் ரோமுக்குப் போகாமல் அவிஞ்ஞோனில் தங்கினார். அடுத்த ஏறக்குறைய எழுபது ஆண்டுகள், 7 போப்பாண்டவர்கள் அங்கிருந்தே கத்தோலிக்கத் திருச்சபையை நடத்தினார்கள். இவர்களில் இரண்டாமவரான இருபத்திரண்டாம் ஜான், அவிஞ்ஞோனுக்கு வடக்கே ஒரு குன்றின்மேல் கோட்டை கட்டி, சுற்றிலும் திராட்சை பயிரிடுவதை ஊக்குவித்தார். அந்த ஊருக்கு இன்று ஷாத்தோநெஃப்-டு-பாப் என்று பெயர். அப்படியே தமிழில் சொன்னால் "போப்பாண்டவரின் புதுக்கோட்டை". நமக்கும் ஒரு புதுக்கோட்டை உண்டல்லவா, பெயர் வைப்பதில் மனிதர்கள் எங்கும் ஒன்றுதான். கோட்டையின் கோபுரத்தில் பாதிதான் இன்று நிற்கிறது. மீதியை 1944 ஆகஸ்டில் பின்வாங்கிப் போன ஜெர்மானியப் படை வெடி வைத்துத் தகர்த்தது.

ஆற்றின் எதிர்க்கரையில் ரோக்மோர் என்ற சிற்றூர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் இரண்டு முறை வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் அது ஓர் ஆற்றுத் துறைமுகம். அந்தப் பகுதி ஒயினுக்கு வெளியூரில் நல்ல பெயர் இருந்ததால், மற்ற ஊர்ச் சரக்கையும் அதே பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். 1737இல் அரசு ஆணை ஒன்று வந்தது. ரோக்மோரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் போகும் மரப்பீப்பாய்களில் மட்டும் "ரோன் கரை" என்பதைக் குறிக்கும் மூன்று பிரெஞ்சு எழுத்துகளையும் ஆண்டையும் சூட்டுக்கோலால் பொறிக்க வேண்டும் என்றது. மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பதுபோலத்தான். விளைந்த இடத்தின் பெயரே சரக்கின் மதிப்பு என்ற எண்ணம் அப்போதே அங்கே வேர்விட்டுவிட்டது.

இனி அழிவின் கதை. 1862 வாக்கில் அதே ரோக்மோரில் போர்ட்டி என்ற ஒயின் வணிகருக்கு நியூயார்க்கிலிருந்த நண்பர் அமெரிக்கத் திராட்சைச் செடிகளை அனுப்பிவைத்தார். இவரும் ஆசையாக வீட்டுத் தோட்டத்தில் நட்டார். அதற்கு முன்பும் செடிகள் கடல் தாண்டி வந்ததுண்டு. ஆனால் பாய்மரக் கப்பலில் வரும் நீண்ட நாட்களில் செடியோடு வந்த பூச்சிகள் செத்துவிடும். நீராவிக் கப்பல் வந்தபின் பயண நாட்கள் குறைந்துவிட்டன. பூச்சி உயிரோடு கரை இறங்கியது. 1863இல் பக்கத்து ஊரான பியுஜோவில் கொடிகள் காரணம் தெரியாமல் வாடின. இலை பழுத்தது, கொத்து சுருங்கியது, மூன்றாம் ஆண்டு கொடி பட்டுப்போனது. வட்டம் வட்டமாக, தரையில் எண்ணெய்க் கறை பரவுவதுபோல் பரவியது.

அந்தப் பகுதி உழவர்களுக்கு இது முதல் அடி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் பட்டுப்புழு வளர்த்தார்கள். அதில் நோய் விழுந்து தொழில் படுத்தது. அதை ஆராயத்தான் லூயி பாஸ்டர் 1865இல் அங்கே அலே என்ற ஊருக்கு வந்தார். இன்னொரு பக்கம், சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வகைச் செடியைப் பயிரிட்டார்கள். 1860களின் கடைசியில் ஜெர்மன் வேதியியலாளர்கள் அதே சாயத்தை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் மஞ்சிட்டிக்கு விலை இல்லாமல் போனது. பட்டு போனது, சாயம் போனது, மிஞ்சியது திராட்சை. இப்போது அதற்கும் ஆபத்து. ஒரு விவசாயக் குடும்பம் பத்தே ஆண்டில் மூன்று வருமானத்தையும் இழந்தால் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1868 ஜூலையில் மோன்பெலியே நகரிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்தது. அதில் தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோன் முக்கியமானவர். பட்டுப்போன கொடிகளைத் தோண்டிப் பார்த்தார்கள். வேரில் ஒன்றும் இல்லை. பிறகு பக்கத்தில் நன்றாக இருந்த கொடியைத் தோண்டினார்கள். வேர் முழுக்க மஞ்சள் நிறத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகள்! நம் ஊரில் அவரையிலும் பருத்தியிலும் வருகிற அசுவினியின் உறவுக்காரப் பூச்சி அது. வேரின் சாற்றை உறிஞ்சும். காயம் ஆறாது, அதன் வழியாக அழுகல் நுழையும். வேர் செத்ததும் பூச்சி அடுத்த கொடிக்குப் போய்விடும். அதனால்தான் செத்த கொடியில் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மாணவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். விடை பல நேரம் நாம் தேடும் இடத்துக்குப் பக்கத்து இடத்தில் இருக்கும். அந்தப் பூச்சிக்கு ஃபில்லோக்சீரா என்று பெயர்.

பூச்சி தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை. அரசாங்கம் 3,00,000 பிராங்க் பரிசு அறிவித்தது. நாடு முழுவதிலிருந்தும் யோசனைகள் குவிந்தன. கொடிக்கு அடியில் உயிரோடு தேரையைப் புதைத்தால் விஷத்தை இழுத்துக்கொள்ளும் என்றுகூட எழுதினார்கள். நடக்கக்கூடிய வழிகளும் சில இருந்தன. அவிஞ்ஞோனுக்குத் தெற்கே கிராவெசோன் என்ற ஊரில் ஃபோக்கோன் என்பவர் குளிர்காலத்தில் நாற்பது நாளுக்கு மேல் தோட்டத்தில் நீரைக் கட்டி நிறுத்திப் பூச்சியை மூச்சுத்திணற வைத்தார். கொடி பிழைத்தது. ஆனால் சமவெளியில், வாய்க்கால் உள்ளவனுக்குத்தான் அது முடியும். மலைச்சரிவில் நீரை எப்படிக் கட்டுவது? மணலில் அந்தப் பூச்சியால் நடமாட முடியாது என்று கண்டு சிலர் கடற்கரை மணலுக்குப் போனார்கள். பணம் உள்ளவர்கள் கார்பன் டைசல்பைடு என்ற வேதிப்பொருளை ஊசிபோல் மண்ணில் செலுத்தினார்கள். அது நாற்றமடிக்கும், தீப்பிடிக்கும், விலையும் அதிகம். சிறு விவசாயிக்கு எதுவும் எட்டவில்லை. பலர் ஊரைவிட்டு அல்ஜீரியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1875இல் பிரான்ஸ் முழுவதும் 845 லட்சம் ஹெக்டோலிட்டர் ஒயின் எடுத்தது. ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர். 1889இல் அது 234 லட்சமாக இறங்கியது. நான்கில் மூன்று பங்கு போய்விட்டது.

தீர்வு எங்கிருந்து வந்தது தெரியுமா? நோய் வந்த இடத்திலிருந்தே வந்தது. அமெரிக்காவில் அந்தப் பூச்சியும் அந்த ஊர்க் காட்டுத்திராட்சையும் காலம் காலமாக ஒன்றாக வாழ்ந்தவை. அமெரிக்க வேர், பூச்சி கடித்த இடத்தைத் தக்கைபோல் மூடிக்கொள்ளும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலப் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி இதை உறுதியாகச் சொன்னார். பிளான்ஷோனும் 1873இல் அமெரிக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முடிவு எளிமையானது: அடியில் அமெரிக்க வேர்ச்செடி, மேலே பிரெஞ்சுக் கொடி, இரண்டையும் சேர்த்து ஒட்டுக்கட்டு. நாம் மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுவதுதானே.

சொல்ல எளிது, செய்யவிட மாட்டார்கள். "கெடுத்ததே அந்தச் செடி, அதை மறுபடி கொண்டுவந்து நடவா?" என்று எதிர்த்தார்கள். ஒயினின் ருசி கெடும், மண்ணின் குணம் போகும் என்றார்கள். நோய் பரவாத மாவட்டங்களுக்குள் அமெரிக்கச் செடி வரக்கூடாது என்று தடையும் இருந்தது. மருந்து ஊசிக் கட்சி, அமெரிக்கக் கட்சி என்று இரண்டு கட்சிகள் பல ஆண்டுகள் சண்டையிட்டன. கடைசியில் வயலே தீர்ப்புச் சொன்னது. ஒட்டுக்கட்டியவன் தோட்டம் தழைத்தது, மற்றவன் தோட்டம் காய்ந்தது. ஏறக்குறைய நாடு முழுவதும் கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒட்டுச்செடி நட்டார்கள். இன்றுவரை அங்கே பெரும்பாலான கொடிகளுக்கு வேர் அமெரிக்கா, கிளை பிரான்ஸ். அந்த 3,00,000 பிராங்க் பரிசு மட்டும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. நோயைக் குணப்படுத்தவில்லை, தடுக்கத்தானே செய்தீர்கள் என்று காரணம் சொன்னார்களாம். அரசாங்கக் கோப்பு எல்லா நாட்டிலும் அரசாங்கக் கோப்புதான்.

இந்த இடத்தில் ஒரு துணைச்செய்தி. அமெரிக்கச் செடிகளோடு இன்னொரு விருந்தாளியும் வந்தது, அடிச்சாம்பல் நோய். 1882இல் மில்லார்தே என்ற பேராசிரியர் போர்டோ பகுதியில் ஒரு காட்சியைக் கவனித்தார். சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை பச்சையாக இருந்தது. விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். திருடனுக்குப் போட்ட மருந்து பூஞ்சையை விரட்டியிருக்கிறது! 1885இல் அவர் வெளியிட்ட அந்தக் கலவைதான் நம் ஊர் உரக்கடையில் எல்லோரும் கேட்டு வாங்கும் போர்டோ கலவை. 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்று நீங்கள் கலக்கும்போது அந்த ஊரின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு கலக்கிறீர்கள்.

பயிர் பிழைத்தது. ஆனால் பெயருக்கு ஆபத்து வந்தது. ஒயின் கிடைக்காத அந்த இருபது ஆண்டுகளில் சந்தை சும்மா இருக்குமா? உலர்திராட்சையை ஊறவைத்து ஒயின் செய்தார்கள். சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிப் பெருக்கினார்கள். அல்ஜீரியாவிலிருந்து கொண்டுவந்து கலந்தார்கள். தோட்டங்கள் மீண்டும் காய்க்க ஆரம்பித்தபோது போலிச் சரக்கு சந்தையை நிறைத்திருந்தது. விலை சரிந்தது. 1907இல் ரோனுக்கு மேற்கேயுள்ள லாங்தொக் பகுதியில் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். மோன்பெலியே நகரில் ஒரே நாளில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். நார்போன் நகரில் படை சுட்டதில் உயிர்கள் போயின. அந்த ஆண்டே கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. ஆனால் "இது இந்த ஊர்ச் சரக்கு" என்று பொய் சொல்வதை அந்தச் சட்டத்தால் தடுக்க முடியவில்லை.

நம் புதுக்கோட்டைக்காரர்களின் நிலைமையோ வேடிக்கையானது. அவர்களுடைய ஒயின் திடமானது. அதனால் வடக்கே பர்கண்டி வணிகர்கள் அதை மொத்தமாக வாங்கி, தங்கள் ஊர் நீர்த்த சரக்கில் கலந்து பலம் ஏற்றி, தங்கள் பெயரில் விற்றார்கள். "மருந்து ஒயின்" என்றே அதற்குப் பெயர். இன்னொரு பக்கம், ஷாத்தோநெஃப் என்ற பெயருக்கு மதிப்பு கூடக்கூட, எங்கிருந்தோ வந்த சரக்குக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டினார்கள். அவர்கள் சரக்கு வேறு பெயரில் போகிறது, அவர்கள் பெயர் வேறு சரக்கில் போகிறது!

1923இல் ஊர் விவசாயிகள் பியேர் லெ ருவா என்ற இளம் பிரபுவிடம் போனார்கள். சட்டம் படித்தவர். முதல் உலகப்போரில் போர்விமானம் ஓட்டியவர். திருமணத்தின் வழியாக அந்த ஊர்த் தோட்டம் ஒன்றுக்கு வந்தவர். "நீங்கள் முன்நின்று வழக்காட வேண்டும்" என்று கேட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் நிபந்தனையோடு. நேர்மையும் கட்டுப்பாடும் முதலில் உங்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்றார். போலிக்காரனைப் பிடிப்பது அப்புறம், முதலில் நீ யார் என்று சொல்.

அவர்கள் தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கொண்டார்கள். லாவெண்டரும் தைம் செடியும் சேர்ந்து வளரக்கூடிய வறண்ட நிலம்தான் எல்லைக்குள் வரும். வளமான வண்டல் நிலத்தில் கொத்து கொத்தாய்க் காய்க்கும், ஆனால் அது சேராது. இன்ன இன்ன திராட்சை வகைகள் மட்டும். கவாத்து இப்படித்தான் செய்ய வேண்டும். பறித்த பழத்தில் குறைந்தது நூற்றுக்கு ஐந்து பங்கைத் தரம் பிரித்துக் கழித்தே ஆக வேண்டும். நல்ல விளைச்சலானாலும் கழிவு உண்டு! விளைச்சலுக்கும் உச்சவரம்பு வந்தது: ஒரு ஹெக்டேருக்கு 3,500 லிட்டருக்கு மேல் எடுக்கக்கூடாது. ஏக்கர் கணக்கில் சுமார் 1,400 லிட்டர்தான். நாம் விளைச்சலைக் கூட்டுவதற்குப் பரிசு கொடுக்கிறோம், அவர்கள் குறைப்பதற்கு விதி போட்டார்கள்.

எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வரப்புக்கு இந்தப் பக்கம் பெயர் உண்டு, அந்தப் பக்கம் பெயர் இல்லை என்றால் யாருக்குத்தான் மனம் ஆறும்? வழக்கு நடந்தது. 1933இல் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய் ஊர்க்காரர்கள் வென்றார்கள். 1935 ஜூலையில், செனட்டர் ஜோசப் கபூஸின் முயற்சியால், இதே முறையை நாடு முழுவதற்கும் சட்டமாக்கினார்கள். 1936 மே மாதம் முதல் தவணையில் அங்கீகாரம் பெற்ற ஊர்களில் ஷாத்தோநெஃப்-டு-பாப்பும், எதிர்க்கரையில் ரோக்மோருக்குப் பக்கத்திலுள்ள தவேல் ஊரும் இருந்தன. லெ ருவா 1967இல் காலமாகும்வரை அந்தத் தேசிய அமைப்பை வழிநடத்தினார். (அந்த ஊருக்கு இன்னொரு புகழும் உண்டு. 1954இல் ஊர்த் தலைவர், பறக்கும் தட்டுகள் எங்கள் தோட்டங்களில் இறங்கக்கூடாது என்று முறைப்படி ஆணையே போட்டார். பெயரைப் பிரபலப்படுத்துவதிலும் கெட்டிக்காரர்கள்!)

பெயர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. வடக்கே கோந்திரியு என்ற ஊருக்கும் 1940இல் அங்கீகாரம் கிடைத்தது. வியோனியே என்ற வெள்ளைத் திராட்சை அந்த ஊரின் சொத்து. ஆனால் படிக்கட்டுத் தோட்டத்தில் வேலை கடினம், கிடைக்கும் விலை குறைவு. உலகப்போர்களில் ஆண்கள் போனார்கள். மிஞ்சியவர்கள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். கல்சுவர்கள் சரிந்தன, முள் மண்டியது. 1960களில் பத்துப் பதினைந்து ஹெக்டேர்தான் பாக்கி. அவ்வளவு புகழ்பெற்ற ஒரு திராட்சை இனமே மறைந்துபோக இருந்தது. ஜார்ஜ் வெர்னே என்ற விவசாயியும் இன்னும் சிலரும் விடாப்பிடியாக நின்று, சரிந்த தளங்களை மீண்டும் கட்டினார்கள். இன்று அங்கே 200 ஹெக்டேர் இருக்கிறது. அந்த இனம் கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விளைகிறது. சட்டம் பெயரைக் காத்தது, தோட்டத்தைக் காத்தவர்கள் மனிதர்கள்.

இனி நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சொல்லிவிடுகிறேன். ஷாத்தோநெஃப் காட்டிய வழியில் வளர்ந்த எண்ணம்தான், 1995இல் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தில் புவிசார் குறியீடு என்ற பெயரில் இடம்பெற்றது. அதிலும் ஒயினுக்கும் மதுவகைகளுக்கும் கூடுதல் பாதுகாப்பு என்று தனிப் பிரிவே உண்டு. அந்த ஒப்பந்தத்தின்படி இந்தியா 1999இல் சட்டம் இயற்றியது, 2003இல் நடைமுறைக்கு வந்தது. முதல் குறியீடு டார்ஜிலிங் தேயிலைக்கு. நாடு முழுவதற்குமான பதிவு அலுவலகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. மதுரை மல்லி, பழனி பஞ்சாமிர்தம், திண்டுக்கல் பூட்டு என்று வரிசையாக வாங்கியிருக்கிறோம். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் கிடைத்தது.

செய்தித்தாளில் குறியீடு கிடைத்தது என்று வந்ததும் நாம் பெருமைப்படுகிறோம், வாட்சப்பில் அனுப்புகிறோம், அதோடு விட்டுவிடுகிறோம். என் மாணவர்களில் விவசாயம் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். குறியீடு என்பது பட்டயம் அல்ல, பொறுப்பு. அதன் பயனைப் பெற ஒவ்வொரு விவசாயியும் தனியாக அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். பத்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அதைவிட முக்கியம், எது நம் பொருள், எது இல்லை என்று நாமே உட்கார்ந்து பேசி முடிவு செய்வது. தரம் குறைந்ததை நம் ஊர்ப் பெயரில் நாமே பெட்டியின் அடியில் வைத்து அனுப்பினால், போலிக்காரனைக் குறைசொல்ல நமக்கு வாய் ஏது? கழித்துப்போடும் அந்த நூற்றுக்கு ஐந்து பங்கு நஷ்டம் அல்ல, மற்ற தொண்ணூற்றைந்துக்கும் கொடுக்கும் காப்பீடு.

அதேபோல் வாங்குகிறவர்களாகிய நமக்கும் பொறுப்பு உண்டு. கோந்திரியு ஊரில் தோட்டங்கள் முள் மண்டியது உழவர்கள் சோம்பியதால் அல்ல, உழைப்புக்கு விலை கிடைக்காததால். நம் ஊர்ப் பொருள் என்று பெருமை பேசுகிறவர்கள், அதை நியாயமான விலை கொடுத்து வாங்கவும் வேண்டும். பத்து ரூபாய் குறைவு என்று போலியை வாங்கிவிட்டு, அசல் அழிகிறதே என்று வருந்திப் பயனில்லை.

ரோன் கரைக்காரர்கள் வேரை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளக் கூச்சப்படவில்லை. நல்லது எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பெயரை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதைக் காக்க முதலில் தங்கள் கையையே கட்டிக்கொண்டார்கள். ஒட்டுக்கட்டுவதும் கட்டுப்படுவதும், இரண்டும் தெரிந்த உழவனை எந்தப் பூச்சியாலும் எந்தச் சந்தையாலும் ஒரேயடியாக வீழ்த்த முடியாது.

தோட்டம் வைத்திருக்கும் பிள்ளைகள், உங்கள் ஊர்ப் பொருளுக்குக் குறியீடு இருக்கிறதா, நீங்கள் பயனாளராகப் பதிந்திருக்கிறீர்களா என்று எழுதுங்கள். எப்படிப் பதிவது என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த பதிவில் அந்த மஞ்சிட்டிச் சாயத்தின் கதையையும், ஆய்வகத்தில் செய்த ஒரு பொடி எப்படி ஒரு மாவட்டத்தின் பிழைப்பையே மாற்றியது என்பதையும் எழுதலாம் என்றிருக்கிறேன்.